காப்பி மெஷினுக்கு ஈய முத்திரை

எல்லாருக்கும் வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா? வூட்ல பெரியவங்க சின்னவங்க எல்லாம் சௌக்கியமா? ஊரெல்லாம் சளியும் காய்ச்சலுமா கெடக்குது, வெந்நி வெச்சுக் குடிங்க. முட்டி வலி இருக்கறவங்க சும்மா சும்மா மாடிப்படி ஏறாதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன், சக்கரதான் கொஞ்சம் ஏறிக் கெடக்குது. அத வுடுங்க, அது எப்பவும் இருக்கறதுதான்.

போன வாரம் எங்கூட்ல புது மீட்டரு மாட்ட ரெண்டு ஆளுங்க வந்தாங்க. பளைய மீட்டருக்குப் பக்கத்துல சொவுத்துல நாலு பெரிய ஆணி ஓட்ட இருக்கும். இது இன்னாதுங்கம்மான்னு கேட்டாங்க. இங்கதான் காப்பி மெஷின் மாட்டியிருந்துச்சுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, வயசாயிடுச்சு பாவம்னு நெனச்சிருப்பாங்க. அவங்களுக்குச் சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

அது எம்பத்தேளாவது வருசம். எங்கூரு ஒட்டமரத்துப்பட்டி. நான் கம்பைநல்லூருக்கு அந்தாண்ட ஒரு பள்ளிக்கூடத்துல ரெண்டாங்கிளாஸ் டீச்சரு. காலைல ஆறேகாலுக்கு ஒரு பஸ்ஸு. அத வுட்டா அடுத்தது பத்து மணிக்கு, அதுல போனா பிரேயர் எல்லாம் முடிஞ்சு புள்ளைங்க ஒண்ணுக்கு வுடற நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். ஆறேகால் பஸ்ஸுக்கு அஞ்சரைக்கு எந்திரிச்சா போதும். எங்கூட்ல காலைல சமையல்னு ஒண்ணும் கெடயாது. ராத்திரி கிண்டுன களிய மோருல கரைச்சுக் குடிச்சுட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிடுவோம்.

ஆனா நான் எந்திரிச்சது நாலரைக்கு. எதுக்குன்னா எங்க மாமனாரு.

அவரு பேரு தர்மன். நல்ல மனுசன், ஒரு கெட்ட பளக்கம் கெடயாது. ஆனா அஞ்சு மணிக்கு வரக்காப்பி கட்டிலுக்கு வரணும். பாலு கீலு வேணாம், வெல்லம் போட்ட கடுங்காப்பி. அது பக்கத்துல வந்து வாசன அடிச்சாத்தான் கண்ணத் தொறப்பாரு. அஞ்சேகாலுக்குக் குடுத்தா அன்னிக்குப் பூரா மண்ட இடின்னு துண்டக் கட்டிக்கிட்டு ஒக்காந்துடுவாரு. மாமியாரு இருந்தவரைக்கும் அந்தம்மா போட்டாங்க. அவங்க போனதுக்கு அப்பறம் அந்த உத்தியோகம் எனக்கு வந்துச்சு. பம்ப் ஸ்டவ்வ பத்த வெச்சு, அது பொகைஞ்சு, பின்னப் போட்டுக் குத்தி, திரும்பப் பம்ப் அடிச்சு, ஒரு டம்ளர் காப்பிக்கு அர மணி நேரம். குடுத்துட்டுத் திரும்பிப் படுத்தா தூக்கம் வராது. வந்தா பஸ்ஸு போயிடும். பதினோரு வருசம் இப்படி. பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறப்ப ஏளெட்டுல நான் தூங்கிப்போவேன், அதுங்க பாட்டுக்கு ஒம்போதாம் வாய்ப்பாட்டுக்குப் போயிடுங்க.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேரத் தூக்கம். நக கேக்கல, பொடவ கேக்கல. நாலரைலேருந்து அஞ்சரை வரைக்கும். அவ்வளவுதான்.

எங்க பக்கத்தூட்டு ஜான் பீ அக்கா மவன் நூர் பாஷா அப்ப துபாய்ல ஏசி மெக்கானிக்கா இருந்தான். லீவுல வர்றப்ப பெட்டி பெட்டியா இன்னான்னமோ கொண்டு வருவான். அந்தத் தடவ ஒரு காப்பி மெஷின் கொண்டாந்தான். அக்கா அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நம்ம வூட்ல காப்பி யாருடா குடிக்கறாங்க, எல்லாருக்கும் சாயாதான, ஒங்க பாவா செத்தாலும் காப்பி குடிக்க மாட்டாரு"ன்னு சொல்லி அப்படியே தூக்கியாந்து எங்கூட்ல வெச்சுட்டாங்க. பாவான்னா அவங்க வூட்டுக்காரரு அப்துல் சுபான். பக்கத்துல நின்னுகிட்டு ஆமான்னு தலையாட்டுனாரு.

கருப்பு நெறத்துல நல்லா இருந்துச்சு. மேல தண்ணி ஊத்தற எடம், நடுவுல தூள் போடற எடம், அடீல கண்ணாடிக் குடுவ. நெத்தில செவப்பா மணி எரியும். பொறத்தால ஒரு குமிழு. அந்தக் குமிழத் திருப்பி அஞ்சுல வெச்சுட்டா, நெத்தில அஞ்சு மணி ஆனதும் அதுவே சூடாகி அதுவே காப்பி எறக்கி வெச்சுடும். ஆளே வேணாம். நூர் பாஷா சொல்லிக் குடுத்தப்ப நான் ரெண்டு தடவ கேட்டேன், ஆளே வேணாமான்னு. "ஆளே வேணாம் அண்ணி, நீங்க தூங்கிட்டே இருக்கலாம்"னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தூள் போடற எடத்துல வெக்க வடிகட்டற பேப்பரு வேணுமாம், அது தருமபுரியில கெடைக்கல. எங்கூட்டுக்காரரு பளைய வேட்டில ஒரு துண்டு கிளிச்சுப் போட்டேன், அது நல்லாவே வேல செஞ்சுது.

ஒரே ஒரு கொற. கரண்டு போச்சுன்னா அந்த மெஷின் மணிய மறந்துடும். குமிழ மறக்காது, மணிய மட்டும் மறந்துடும். கரண்டு திரும்பி வந்ததும் பன்னண்டுன்னு ஆரம்பிச்சு, கண்ணச் சிமிட்டிக்கிட்டே ஓடும். துபாய்ல கரண்டே போகாதாம், அதனால அத செஞ்சவனுக்கு இது தெரியல.

எங்கூர்ல தெனம் ராத்திரி ரெண்டு மணிக்குப் போயிடும். மொத நாளு நான் அஞ்சரை வரைக்கும் தூங்குனேன். மாமனாரும் தூங்குனாரு, காப்பி வராததால. எந்திரிச்சுப் பாத்தா மெஷின் ரெண்டேகாலுன்னு சிமிட்டிக்கிட்டு இருக்குது. எட்டேகால் மணிக்கு, நாங்கெல்லாம் வேலைக்குப் போயிட்ட நேரத்துல, அது பாட்டுக்குக் காப்பி போட்டு வெச்சிருக்குது. சாயங்காலம் நான் வந்தப்ப மாமனாரு மண்டைல துண்டோட ஒக்காந்திருந்தாரு.

நான் டீச்சரில்லீங்களா, ஒக்காந்து கணக்குப் போட்டேன். அஞ்சரைக்கு அது ரெண்டேகால் காட்டுதுன்னா, கரண்டு மூணேகாலுக்கு வந்திருக்குது. தெனம் மூணேகாலுக்கே வந்துச்சுன்னா, குமிழ அஞ்சுல வெக்காம ஒண்ணே முக்கால்ல வெச்சுட்டா சரியா அஞ்சுக்குக் காப்பி வந்துடும். ஆக எனக்குத் தெரியவேண்டியது ஒண்ணே ஒண்ணு. தெனம் கரண்டு திரும்பி வர்ற நேரம்.

லைன்மேன் காளியப்பன் எங்க தெருவுலதான் குடியிருந்தாரு. அவரக் கேட்டேன். போறது சுத்தமா ரெண்டு மணிங்க டீச்சரம்மா, அதுல ஒரு நிமிசம் பெசகாதுன்னாரு. வர்றது? அத எப்படிங்க சொல்றது, சுவிச்சு போடற எடத்துல யாரு ட்யூட்டியோ அவருக்கு எப்ப முளிப்பு தட்டுதோ அப்பதான்னு சொன்னாரு. குண்டா இருப்பாரே அவரு ட்யூட்டின்னா நாலு மணி ஆவும், மெலிசா இருக்கறவரு மூணுக்கே எந்திரிச்சுடுவாரு, அவருக்கு மூத்திர உபாதை இருக்குது. இதயெல்லாம் அவரு மறைக்கல, பஸ் டைம் சொல்ற மாதிரி சொன்னாரு. எதுக்கும் ஆபீஸ்ல எளுதிக் கேட்டுடுங்க, எளுத்துல குடுத்துட்டா அதுக்குக் கட்டுப்பட்டுத்தான ஆகணும்னும் சொன்னாரு. எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு. வெவரம் பத்தல, நம்பிட்டேன்.

சனிக்கெளம கரண்டாபீஸுக்குப் போனேன். கிளார்க்கு தாவூது சார்னு ஒருத்தரு. அவரு டேபுளுக்குப் பின்னால முப்பது அற உள்ள பீரோ. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பாரம். வெளிச்சம் கம்மியா எரியுதுன்னா ஒரு பாரம், மரக்கெள கம்பில ஒரசுதுன்னா ஒரு பாரம், கம்பத்துல எரும மாடு கட்டறாங்கன்னா ஒண்ணு, எரும இல்ல பசுன்னா வேற ஒண்ணு. நான் வந்த விசயத்தச் சொன்னதும் முப்பது அறையையும் தொறந்து பாத்துட்டு, கரண்டு எப்ப வரும்னு கேக்கறதுக்குப் பாரம் கெடயாதும்மா, அதனால நீங்க அத கேக்க முடியாதுன்னாரு. கோவமா சொல்லல, வருத்தமாத்தான் சொன்னாரு.

உள்ள ஜே.இ. குப்புராஜ் சார் இருந்தாரு. இஞ்சினியரு. ஒக்காரச் சொன்னாரு. நான் சொன்னதப் பொறுமையா கேட்டுட்டு, "அம்மா, நீங்க படிச்சவங்க, நீங்களே வெட்டுன்னு சொல்லலாமா?"ன்னு கேட்டாரு. "என் பிரிவுல ஏளு வருசமா ஒரு மின்வெட்டு கெடயாது. ரிக்கார்டு இருக்குது. நாங்க குடுக்கறது ஓய்வு. கம்பி ராப்பகலா சூட்டுலயே கெடக்குது, ஒரு மனுசனுக்கு ஓய்வு வேணும்னா கம்பிக்கு வேணாமா?"

அப்ப அவரு தலைக்கு மேல ஃபேன் நின்னுபோச்சு. வெளிய மாவு மில்லு சத்தமும் நின்னுபோச்சு. தாவூது சார் உள்ள வந்து, ஒரு பன விசிறியையும் ஒரு ரிஜிஸ்டரையும் மேசைல வெச்சாரு. விசிறில வெள்ள பெயின்டுல நம்பர் நாலுன்னு எளுதியிருந்துச்சு. குப்புராஜ் சார் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு விசிறிய வாங்கிக்கிட்டாரு. விசிறிக்கிட்டே, இப்ப பாருங்க கம்பி எவ்ளோ நிம்மதியா இருக்கும்னாரு.

நான் கேட்டேன், அப்ப அந்த ஓய்வு எத்தன மணிக்குங்க சார் முடியும்னு.

"ஓய்வெடுக்கறவங்களப் போயி எப்ப எந்திரிப்பீங்கன்னு கேக்கற பளக்கம் நம்ம டிபார்ட்மென்ட்ல இல்லம்மா."

எங்கூட்ல அந்தப் பளக்கம் இருக்குதுங்க சார்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல.

வெள்ளத்தாள்ல மனு எளுதிக் குடுங்க, பரிசீலன பண்றேன்னாரு. இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணுனேன், டீச்சருங்க மட்டும் பண்ற தப்பு. வாத்தியாரு உத்தியோகத்துல எத சொன்னாலும் கூட ஒரு ரிஜிஸ்டரு காட்டணும், இல்லேன்னா பள்ளிக்கூடத்தச் சோதிக்க வர்ற ஏ.இ.ஓ. நம்ப மாட்டாரு. அதனால பள்ளிக்கூடத்துல மிச்சம் கெடந்த ஒரு வருகைப் பதிவேட எடுத்தேன். மெஷினுதான் கரண்டு வந்த நேரத்தக் காட்டுதே, இருவத்தோரு நாளு காலைல எந்திரிச்சதும் அதப் பாத்துக் கணக்குப் போட்டு எளுதுனேன். மாணவர் பெயர்னு இருந்த எடத்துல கரண்டுன்னு போட்டேன். மூணேகாலுக்கே வந்தா ஒரு கோடு, வரலேன்னா சுழி, லேட்டா வந்தா எத்தன மணிக்குன்னு நேரம். கடைசில கூட்டி, வருகை நூத்துக்கு நாப்பத்தெட்டு, பரிச்ச எளுதத் தகுதி இல்லேன்னு கீள செவப்பு மையில எளுதிட்டேன். கை அதுவா எளுதிடுச்சு, பளக்கம். அத மனுவோட பின் பண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மூணாம் நாளு ஜீப்பு வந்து நின்னுச்சு.

குப்புராஜ் சார், தாவூது சார், காளியப்பன், ஒரு ஏணி. ஏணி எதுக்குங்கன்னு கேட்டேன், சோதனைக்குப் போனா ஏணியோடதான் போகணும்னு உத்தரவாம். அத சமையக்கட்டுக்குள்ள கொண்டாந்து மெஷினுக்குப் பக்கத்துல சாச்சு வெச்சாங்க. தெருவே வாசல்ல கூடிடுச்சு. ஜான் பீ அக்கா மொத ஆளா உள்ள வந்து அடுப்புத் திட்டுமேல ஒக்காந்துக்கிட்டாங்க.

குப்புராஜ் சார் ஒரு முக்காலியப் போட்டு மெஷினுக்கு எதுக்க ஒக்காந்தாரு. அது சிமிட்டுது, இவரு பாக்கறாரு. அர மணி நேரம் இதேதான். தாவூது சார் நின்னுகிட்டே மகஜர் எளுதுனாரு: கருப்பு நெறம், கண்ணாடிக் குடுவை ஒண்ணு, கைப்பிடி ஒண்ணு, வேட்டித் துணி ஒண்ணு, நெத்தியில செவப்பு எண், எண் நெலையா இல்ல.

"இது எதுக்கும்மா கண்ணடிக்குது?"

கரண்டு போயி வந்துச்சுன்னா அப்படித்தாங்க சார்னேன்.

"போகாத கரண்டுக்குக் கண்ணடிக்குதுன்னா, இது பொய் சொல்லுதுன்னு அர்த்தம். பொய் சொல்லலேன்னா அது இன்னும் மோசம். துறைக்குத் தெரியாம துறையவே அளக்குது. நாங்க ஊர அளப்போம்மா. ஊரு எங்கள அளக்கக் கூடாது, அதுக்கு எங்ககிட்ட ஏற்பாடு இல்ல. நாளைக்கு வூட்டுக்கு வூடு இத வெச்சா, என் ரிக்கார்டுல இருக்கற ஏளு வருசத்த நான் எங்க கொண்டுபோயி வெக்கறது?"

மனுசன் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கே பாவமாப் போச்சு. ஸ்டவ்வ பத்த வெச்சு எல்லாருக்கும் காப்பி போட்டேன். மெஷின்ல இல்ல, அதத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. காப்பி குடிச்சதும் குப்புராஜ் சாருக்குத் தெளிவு வந்துடுச்சு. இதப் பறிமுதல் பண்ணுனா எதுக்குன்னு காரணம் எளுதணும், காரணம் எளுதுனா கரண்டு போச்சுன்னு எளுதணும், அதனால பறிமுதல் பண்ண முடியாது. வேற வளி இருக்குதுன்னு தாவூது சார எளுதச் சொன்னாரு: லைன்ல மாட்டியிருக்குது, எண் காட்டுது, ஆகவே இது மீட்டரு.

"காப்பி போடுமுங்க சார்"னேன்.

"அது துணைப் பணி."

மீட்டருன்னு ஆயிட்டா சட்டம் எல்லாம் அதுக்கும் பொருந்துமாம். மீட்டரு சமையக்கட்டுல இருக்கக் கூடாது, ஆபீஸரு வந்தா பாக்கற மாதிரி முன்வாசல் சொவுத்துல, நெஞ்சு ஒசரத்துல இருக்கணும். காளியப்பன் தேக்குப் பலகை ஒண்ணு அடிச்சு, நாலு ஆணி எறக்கி, காப்பி மெஷின அதுல நிறுத்தி, இரும்புப் பட்ட போட்டுக் கட்டிட்டாரு. மேல ஒயரு இளுக்க ஏணி அப்பத்தான் ஒதவுச்சு. அப்பறம் முத்திர. தண்ணி ஊத்தற மூடியச் சுத்திக் கம்பியக் கட்டி, ஈயத்த வெச்சு, கொறடால ஒரு அமுக்கு. குமிழுக்கு ஒண்ணு. குடுவைக்கும் ஒண்ணு. முத்திர ஒடைஞ்சா சர்வீஸ் கட்டுன்னு சொல்லி என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. ஜான் பீ அக்கா பாத்துட்டு, இவ்ளோ மரியாத கெடைக்கும்னு தெரிஞ்சிருந்தா எங்கூட்டு சொவுத்துலயே மாட்டியிருப்பனேன்னாங்க.

மாமனாருக்குப் பெரும. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் இது எங்கூட்டு ரெண்டாவது மீட்டருன்னு காட்டுவாரு. காட்டிட்டு உள்ள வந்து, காலைல காப்பி மூணு நிமிசம் லேட்டாயிடுச்சும்மான்னு என்கிட்ட சொல்லுவாரு.

நான் பளையபடி நாலரைக்கு எந்திரிச்சேன். ஸ்டவ்வு பளையபடி பொகைஞ்சுது. பள்ளிக்கூடத்துல ஏளெட்டுல தூங்குனேன். மெஷின் வாசல்ல சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. எங்கூட்டுக்காரரு, போனாப் போவுது வுட்டுரு, அத பல்லி மருந்தடிச்ச மாதிரி நெனச்சுக்கோன்னாரு. அதுக்கு இன்னா அர்த்தம்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா நான் வுடல. ஒரு மணி நேரம் கைக்கு வந்து போயிருக்குது, எப்படி வுடறது? திரும்பவும் மனு போட்டேன். முத்திர இருக்கட்டும் சார், மீட்டருன்னே இருக்கட்டும், தண்ணி ஊத்திக்க மட்டும் அனுமதி குடுங்க, குமிழு உங்க இஷ்டத்துக்கே இருக்கட்டும்னு.

நாப்பது நாளு கழிச்சு உத்தரவு வந்துச்சு. அனுமதி குடுத்துட்டாங்க. அதுல இப்படி எளுதியிருந்துச்சு.

காப்பி தயாரிப்பின் பொருட்டு தெனம் காலை நாலரை மணிக்கு லைன்மேன் நேருல வந்து முத்திர ஒடைப்பாரு. நுகர்வோர் கூட நிக்கணும். முத்திர ஒடைக்கறப்ப ஆபத்து வராம இருக்க, தெருக்கோடி டிரான்ஸ்பார்மர்ல கரண்ட நிறுத்திடணும். தண்ணி ஊத்தி, தூள் போட்டு, மூடி, திரும்ப முத்திர வெச்சு, கரண்ட வுடணும். காப்பி வந்ததும் ரிஜிஸ்டர்ல எளுதிக் கையெழுத்து வாங்கணும்.

அடிச்சுப் புடிச்சு ஆபீஸுக்கு ஓடுனேன். சார், ஆளே வேணாம்னுதானுங்க இந்த மெஷினே, அதுவா போடணும், நான் தூங்கணும், அதுக்குத்தான் மனுவேன்னு சொன்னேன். குப்புராஜ் சார் சிரிச்சாரு. "உங்க மனுவுல தானான்னு ஒரு வார்த்த இருந்துச்சு, அத நாந்தான் அடிச்சேன்"னாரு. "தானா நடக்கறதுன்னு நம்ம டிபார்ட்மென்ட்ல ஒண்ணு கெடயாதும்மா. பல்பு எரியுதுன்னா யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். எரியலேன்னா அதுக்கும் ஒருத்தன் போட்டிருக்கான். உங்க காப்பி மட்டும் கையெழுத்து இல்லாம வந்துட்டா, நாளைக்கு ஜனங்க எங்கள எதுக்குன்னு கேப்பாங்க."

வூட்டுக்கு வந்து அளுதேன். கேட்டது அஞ்சரை, கெடச்சது நாலேகால். வாசத் தெளிச்சு வெக்கணுமே, ஆளு வர்றாரில்ல.

மறுநாளு நாலரைக்குக் காளியப்பன் வந்துட்டாரு. கைல லாந்தரு, கொறடா, ஈயம், கக்கத்துல ரிஜிஸ்டரு. தெருவுல கரண்ட நிறுத்திட்டுத்தான் வந்தாரு, அப்துல் சுபான் பாய் வூட்லேருந்து யாரோ வையற சத்தம் கேட்டுச்சு. நான் செம்புல தண்ணியோட தூக்கத்துல ஆடிக்கிட்டு நின்னேன். காளியப்பன் ரிஜிஸ்டரத் தொறந்து, நுகர்வோர் எங்கீங்கன்னாரு. நாந்தானுங்க, மனு போட்டதே நாந்தானன்னேன்.

"நீங்க மனுதாரருங்க டீச்சரம்மா. நுகர்வோர் தர்மன் அய்யா. சர்வீஸு அவரு பேர்ல இருக்குது."

அவரு தூங்கறாருங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்னேன். கூடாதுன்னு ரிஜிஸ்டரத் திருப்பிக் காட்டுனாரு. குப்புராஜ் சாரே கோடு போட்டுத் தயார் பண்ணியிருக்கற பக்கம். அதுல மூணாவது கட்டத்துல, நுகர்வோர் விழித்திருந்தாரா, ஆம், இல்லைன்னு இருக்குது. இல்லைன்னு எளுதுனா காரணம் எளுதணுமாம், காரணத்துக்குக் கட்டமே இல்ல.

"நீங்க போயிப் படுங்க. இந்தக் காயிதப்படி நீங்க இங்க இல்ல."

நான் செம்ப வெச்சுட்டுப் போயிப் படுத்துட்டேன். அரசாங்க உத்தரவு, மீற முடியுமா? காளியப்பனே உள்ள வந்து மாமனார எளுப்புனாரு. எங்கூட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து காப்பி இல்லாம அந்த மனுசன் கண்ணத் தொறந்தத அன்னிக்குத்தான் பாத்தேன். சர்க்கார் விசயம்னதும் மறுபேச்சு இல்ல, சட்டையப் போட்டுக்கிட்டுப் போயி நின்னாரு. முத்திர ஒடைச்சாங்க, தண்ணி ஊத்துனாங்க, முத்திர வெச்சாங்க, காளியப்பன் கோடி வரைக்கும் போயிக் கரண்ட வுட்டுட்டு வந்தாரு. மெஷின் பன்னண்டுன்னு சிமிட்ட ஆரம்பிச்சுது. ரெண்டு பேரும் அதப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. குமிழு அஞ்சுல இருக்குது, அதுக்கு அஞ்சாக இன்னும் அஞ்சு மணி நேரம் ஆவும். குமிழத் திருப்பலாமேன்னு மாமனாரு கேட்டாரு. அந்த முத்திர ஜே.இ. முத்திரைங்க, என் அதிகாரத்துல அது வராதுன்னாரு காளியப்பன். ஆனா காப்பி வந்ததுன்னு எளுதாம நான் போகவும் முடியாதுன்னு சொல்லிட்டுப் படியில ஒக்காந்துட்டாரு.

வூட்டுக்கு வந்த ஆளு, விடிகாலைல, வெறும் வயித்தோட ஒக்காந்திருக்கறாரு. மாமனாருக்கு அது தாங்கல. கொஞ்ச நேரம் கனைச்சுப் பாத்தாரு. அப்பறம் சமையக்கட்டுல பம்ப் அடிக்கற சத்தம் கேட்டுச்சு. எனக்கு மனசு கேக்கல, பாதி எந்திரிச்சு, மாமா நான் வர்றேன்னு கொரல் குடுத்தேன்.

"நீ படும்மா. நீதான் இல்லேன்னு எளுதிட்டாங்களே."

ரெண்டு டம்ளர்ல வரக்காப்பி. ஆளுக்கொண்ணு. காளியப்பன் குடிச்சுட்டு, காப்பி வந்ததுன்னு எளுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. மணி அஞ்சு. நான் அஞ்சரைக்குத்தான் எந்திரிச்சேன்.

மறுநாளும் அதேதான். அதுக்கு மறுநாளும். நாலே முக்கால் வருசம், காளியப்பனுக்குத் தொப்பூருக்கு மாத்தல் வர்ற வரைக்கும். நடுவுல மாமனாரே ஸ்டவ்வுல பின்னு மாத்தி, வாஷர் மாத்தி, பொகை வராம பண்ணிட்டாரு. தெருக்காரங்க மொதல்ல வைதாங்க, அப்பறம் நாலரைக்குக் கரண்டு போனா எந்திரிக்கற நேரம்னு வெச்சுக்கிட்டாங்க. ஜான் பீ அக்கா தொளுகைக்கு அலாரம் வெக்கறதையே வுட்டுட்டாங்க. ரிஜிஸ்டர்ல ஒரு நாளு பாக்கி இல்லாம காப்பி வந்ததுன்னு இருந்ததால, தானியங்கிக் காப்பித் திட்டத்த வெற்றிகரமா நடத்துனாருன்னு குப்புராஜ் சாருக்கு மேலாபீஸ்லேருந்து பாராட்டுக் கடுதாசி வந்துச்சாம், பிரேம் போட்டு மாட்டியிருந்தாரு. அதுல என் பேரு இல்ல. நான் வருத்தப்படல, இல்லாம இருந்துதான நான் தூங்குனேன்.

பள்ளிக்கூடத்துல பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் முளிச்சிருந்து சொல்லிக் குடுத்தேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஏ.இ.ஓ. அசந்துட்டாரு.

மெஷின் போட்ட காப்பிய நான் கடைசி வரைக்கும் குடிச்சதே இல்ல. மாமனாரு போட்டத ரெண்டு தடவ குடிச்சிருக்கேன், காய்ச்சல்ல படுத்திருந்தப்ப அவரே கட்டிலுக்குக் கொண்டாந்து குடுத்தாரு. வெல்லம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. சொல்லல.

சரி, நானே பேசிக்கிட்டிருக்கேன். நீங்களும் ஏதாச்சும் ஆபீஸுக்கு ஒண்ணு கேட்டுப் போயி, அவங்க வேற ஒண்ணக் குடுத்து அனுப்புன கத உங்ககிட்டயும் இருக்குமில்ல? ரேசன் கார்டோ, பட்டாவோ, பேங்க்கோ, எதுவா இருந்தாலும் சரி. எந்த ஊரு, எந்த வருசம், இன்னா கேட்டீங்க, இன்னா கெடச்சுதுன்னு ஒரு நாலு வரி எளுதிப் போடுங்க. நான் காலைல எந்திரிச்சதும் படிக்கறேன். இப்பல்லாம் ஏளு மணிக்குத்தான் எந்திரிக்கறேன், அதனால பதில் லேட்டா வந்தா கோவிச்சுக்காதீங்க.